நாற்பது வருஷம் குளித்த உடம்பு

போன வாரம் தென்காசியில் ஒரு கல்யாணப் பந்தி. எதிர் இலைக்காரர் என் சித்தப்பாவிடம் சொன்னார்: "ஊசிக்கு எதுக்கு அண்ணாச்சி இம்புட்டுச் செலவு? சாரல் நேரத்துல ஒரு மண்டலம் அருவியில நில்லுங்க. மூலிகைத் தண்ணில்லா, சொரியாசிஸ் ஓடிப் போயிரும்." எனக்குச் சோறு இறங்கவில்லை.

சித்தப்பா மேலகரத்துக்காரர். குற்றாலம் கூப்பிடு தூரம். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று நாற்பது வருஷம் குளித்த உடம்பு அது. அந்த உடம்பில்தான் அக்குளிலும் தொடை இடுக்கிலும் சொரியாசிஸ் வந்தது. மூலிகைத் தண்ணீர் தீர்க்கும் என்றால் அவருக்கு ஏன் தீரவில்லை? யாராவது பதில் சொல்லுங்கள்.

கழுவினால் போவதற்கு இது அழுக்கல்ல. உடம்பின் எதிர்ப்பு சக்தி தடம் மாறி, ஒரு மாதத்தில் வளர வேண்டிய தோலை நாலைந்து நாளில் வெளியே தள்ளும் நோய். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. ஆனாலும் அருவியில் சித்தப்பாவைக் கண்டு விலகி நின்றவர்கள் உண்டு. அந்தத் தண்ணீரில் அவ்வளவு நம்பிக்கை இருந்தால் ஏன் விலக வேண்டும்?

மடிப்புகளில் வந்தால் செதில் அதிகம் உதிராது. சிவந்து பளபளக்கும், வெடிக்கும். ஈரமும் உராய்வும் அதைக் கிளறிவிடும். படர்தாமரை என்று நினைத்து, ஸ்டீராய்டு கலந்த களிம்பைச் சீட்டில்லாமல் வாங்கி இரண்டு வருஷம் தடவினார் சித்தப்பா. மெல்லிய தோல் இன்னும் மெலிந்து கோடு கோடாகப் பிளந்தது. ஸ்டீராய்டு களிம்புகளுக்கு மருத்துவர் சீட்டு வேண்டும் என்று மத்திய அரசு 2018-லேயே இறுக்கியது. எந்தக் கடையில் கேட்கிறார்கள்?

மற்ற மருந்துகள் கேட்காதபோது தோல் மருத்துவர் அடாலிமுமாப் ஊசிக்குப் போனார். அழற்சியை மூட்டும் டிஎன்எஃப் என்ற புரதத்தைப் பிடித்துக் கட்டும் உயிரியல் மருந்து அது. உள்ளே உறங்கும் காசநோயை அது எழுப்பிவிடலாம் என்பதால் முதலில் அதற்குச் சோதனை. நாலு மாதத்தில் அக்குள் ஆறியது. நோய் வேரோடு போகவில்லை, அடங்கியிருக்கிறது. நாற்பது வருஷ அருவி அதைக்கூடச் செய்யவில்லை.

கோபம் வர வேண்டிய இடம் ஊசியின் விலை. 2014-லேயே இந்தியக் கம்பெனி இதற்கு நிகர் மருந்தைக் கொண்டுவந்துவிட்டது. இருந்தும் இதே நோய் வந்த, பீடி சுற்றும் பெண்ணுக்கு அது எட்டவில்லை. மார்பின் கீழே புண் என்று சொல்லவே கூசும் அவளிடம் போய் அருவியைக் காட்டாதீர்கள்.

சித்தப்பா இன்றும் சாரலுக்குக் குளிக்கப் போகிறார், ஆசைக்காக. நோய்க்கு ஊசி போட்டுக்கொள்கிறார்.