அவர்களும் கடிகாரம் பார்த்தவர்கள்தான்

பிரிவுபசார விழாக்களில் இந்தப் பேச்சைக் கேட்காமல் திரும்ப முடியாது: "அந்தக் காலத்தில் நாங்கள் நேரம் பார்த்தா வேலை செய்தோம்? அதிகாரி சொன்னால் மறுபேச்சு உண்டா? இப்போதுள்ள பிள்ளைகள் ஆறு மணி அடித்தால் பையைத் தூக்கிவிடுகிறார்கள்." கூட்டம் கைதட்டும். மறுநாளே மேலாளர்கள் இதைச் சொல்லி வேலை வாங்குவார்கள். முந்தைய தலைமுறையிடம் கற்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. அவர்கள் பெயரால் பொய் சொல்வதைத்தான் பொறுக்க முடியவில்லை.

1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். கூலி போதவில்லை, வாரத்தில் ஒருநாள் ஓய்வில்லை. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களோடு நின்றார்கள். ஒரு வாரத்துக்கு மேல் ஆலை ஓடவில்லை. கடைசியில் வெள்ளைக்கார நிர்வாகம் இறங்கிவந்தது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறையானது. அதே ஆண்டு மார்ச்சில் வ.உ.சி. சிறைக்குப் போனார்.

பத்தாண்டு கழித்து, 1918 ஏப்ரலில், சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அதில் சேர்ந்த பின்னி ஆலைத் தொழிலாளர்களின் குறைகளில் ஒன்று, மதியச் சோற்றை நிதானமாகச் சாப்பிடக்கூட நேரம் இல்லை என்பது. இப்படிப்பட்டவர்கள் கேட்டுக் கேட்டுத்தான் 1948 தொழிற்சாலைச் சட்டத்தில் வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பும், அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்புக் கூலி என்ற விதியும் வந்து சேர்ந்தன. நேரம் பார்க்காத தலைமுறையா இது?

இரவு பத்து மணிவரை அலுவலகத்தில் இருந்த அப்பாக்கள் உண்டு, மறுக்கவில்லை. அந்த வீடுகளில் விடியலுக்கு முன் எழுந்து அடுப்பு மூட்டி, பிள்ளைகளையும் முதியவர்களையும் தனியாகப் பார்த்துக்கொண்ட அம்மாக்களும் உண்டு. அந்த உழைப்பு எந்தப் பிரிவுபசார மேடையிலும் கணக்கில் வந்ததில்லை.

பழைய அதிகாரிகளிடம் கற்க விரும்புகிறவர்கள் சதீஷ் தவானிடம் கற்கட்டும். 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் கிளம்பிய எஸ்எல்வி-3 ராக்கெட் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். பத்திரிகையாளர்கள் முன் போய் நின்றவரோ இஸ்ரோ தலைவர் தவான். தோல்விக்குத் தானே பொறுப்பென்றார், தன் ஆட்களை விட்டுக்கொடுக்கவில்லை. அடுத்த ஆண்டு ஜூலை 18 அன்று ராக்கெட் வெற்றிகரமாகப் பறந்தபோது, பத்திரிகையாளர்களைச் சந்திக்கக் கலாமை அனுப்பினார். இதைப் பிற்காலத்தில் ஊர் ஊராகச் சொன்னவர் கலாமேதான்.

மேலாளர்களே, முன்னோர் பெயரை எடுக்குமுன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: உங்கள் குழுவில் கடைசியாக ஒரு வேலை கெட்டபோது, மேலிடத்தில் யார் பெயரைச் சொன்னீர்கள்?