ஏரியைத் தூர்த்தோம், லாரியை அழைத்தோம்!

தாம்பரத்துத் தோழரே! 2015 டிசம்பர் முதல் நாள் மறந்துவிட்டதா? ஒரே நாளில் 49 செ.மீ. மழை! முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தெருவெல்லாம் ஆறு, வீடெல்லாம் குளம். பாட்டன் தேடிய பத்திரம் முதல் பள்ளிப் பிள்ளையின் புத்தகம் வரை மிதந்தன. படகிலே வந்து மக்களை மீட்டார்கள். நான்கே ஆண்டுகள் சென்றன. 2019 கோடையில் செம்பரம்பாக்கம் வறண்டது, புழல் வறண்டது. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலிலே தண்ணீர் வந்தது! மூழ்கிய ஊரே தாகத்தால் தவித்தது. "ஆண்டவன் சோதனை" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டோரும் உண்டு.

ஆண்டவனுக்கு இதில் பங்கில்லை; நகரத்தின் நீர்ப் பஞ்சம் மனிதன் செய்தது என்று அந்த வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் முன்பே எழுதியவர் பேராசிரியர் எஸ். ஜனகராஜன். மால்கம் ஆதிசேஷையா 1971-ல் நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்திலே பணியாற்றிய பொருளியல் அறிஞர். ஏட்டோடு நின்றவரல்லர். பாலாற்றுத் தோல் கழிவையும் நொய்யல் சாயக் கழிவையும் ஆராய்ந்தார். காவிரிப் பிணக்கில் தமிழக உழவரையும் கருநாடக உழவரையும் எதிரெதிரே அமரவைத்து, 2003-ல் 'காவிரிக் குடும்பம்' காணத் துணைநின்றார்.

நமக்கு அவர் சொன்ன பாடம் வேறு. நகரைச் சூழ்ந்த கிராமங்களிலே கிணற்று நீர் லாரி ஏறிப் பட்டணம் போகிறது. கிணறு உடையவன் கையிலே காசு. நாற்று நட்டவள் கையிலே என்ன? வயல் தரிசானதும் அவள் கூலியும் போயிற்று, குடிக்கும் நீரும் போயிற்று! அதே நீரைத்தான் பல்லாவரத்துத் தொழிலாளி குடம் கணக்கிலே விலைக்கு வாங்குகிறான். இருபுறமும் இழப்பவன் ஏழை. நடுவிலே ஓடுகிறது லாரி.

மழை குறைந்த ஊரா இது? சராசரி ஆண்டிலே சுமார் 1,400 மி.மீ. பெய்கிறது. வாங்கிவைக்க ஏரி எங்கே? 'ஏரி மாவட்டம்' என்று பெயர் பெற்ற பழைய செங்கல்பட்டு மாவட்டமன்றோ இது! பள்ளிக்கரணைச் சதுப்பைக் குப்பைமேடாக்கி, கட்டடக் காடாக்கி, எஞ்சிய துண்டுக்கு 2022-ல் ராம்சர் பட்டம் கிடைத்ததும் பூரித்தோம். மீஞ்சூரில் 2010-ல், நெம்மேலியில் 2013-ல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் வந்தன. வேண்டாமென்று சொல்லவில்லை. ஏரி தாங்கவேண்டிய வெள்ளத்தை ஆலை தாங்குமா?

ஆக்கிரமிப்பு என்றதும் அதிகாரியின் கண் முதலில் குடிசை மேல்தான் பாயும். ஆற்றங்கரை ஏழையைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அதுவும் நீர் தேங்கும் நிலமே! சதுப்பின் மேல் எழுந்த கண்ணாடி மாளிகைகள் நிமிர்ந்தே நிற்கின்றன. எந்தக் கட்சி ஆண்டபோது என்று கேட்பீர். இதிலே நம் கை மட்டும் கறைபடாதது என்று மேடையில் முழங்க எனக்கு வாய் வரவில்லை.

தாம்பரம் 2021-லிருந்து மாநகராட்சி. வார்டுக் கூட்டத்துக்குப் போகும் தோழர்கள் ஒன்று செய்யலாம். சேலையூர் ஏரி, செம்பாக்கம் ஏரி, ராஜகீழ்ப்பாக்கம் ஏரி மூன்றுக்கும் வருவாய்த்துறை ஏட்டிலே உள்ள புல எண் எது, பரப்பு எவ்வளவு, இன்று நீர் நிற்பது எவ்வளவு என்று எழுந்து கேளுங்கள். விடையை எழுத்தில் வாங்குங்கள்.