துருவைத் தேய்க்க முதல் ஒருதரம் வாசிச்சுப் பார்ப்போம்

மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில், எங்கள் நண்பரின் லயத்துக்குப் பின்னால் கோழிக்குத் தண்ணி வைக்கிற சட்டியாகக் கிடந்தது அந்த இரும்புத் தொப்பி. "ஆமிச் சாமான் தம்பி, வெளிய காட்டாதீங்க" என்றார் அப்பாயி. 83 கலவரத்துக்குப் பிறகு, சோதனைக்கு வாறாங்க என்று கேள்விப்பட்டாலே அதை மண்ணுக்குள் புதைத்துவிடுவாராம். பழைய இரும்பு வாங்க வந்தவர் காந்தத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "இது இரும்பே இல்ல" என்று போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

இரும்புதான். ஆனால் மாங்கனீசு கூடுதலாகக் கலந்த ஹாட்ஃபீல்ட் உருக்கு. அதில் காந்தம் ஒட்டுவது இல்லை. சாதாரண உருக்கில் செய்த, பொதுமக்கள் பாதுகாப்புக்கான தொப்பிகளில் ஒட்டும். எங்களுக்குக் கிடைத்த முதல் துப்பே இரும்புக்காரர் வேண்டாமென்ற காரணம்தான்.

"முதலாம் உலகப்போர்த் தொப்பி, தேய்ச்சுப் பெயின்ட் அடிச்சா நல்ல விலைக்குப் போகும்" என்றார் இன்னொரு நண்பர். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஜோன் பிரோடி 1915இல் வடிவமைத்த அந்த அகல விளிம்புத் தொப்பிதான், சில மாற்றங்களோடு, இரண்டு போரிலும் பிரித்தானியப் படைகளின் தலையில் இருந்தது. வடிவத்தை மட்டும் பார்த்து எந்தப் போர் என்று சொல்ல ஏலாது.

உள்ளே பார்க்க வேணும். முதல் போர்க்காலத்துத் தொப்பியில் உள்பட்டையை உச்சியில் ஒரு செம்பு ரிவிட் பிடித்திருக்கும், நாடிப்பட்டி தோல். விளிம்பின் அடியில் 'எச்எஸ்' என்றிருந்தால் ஹாட்ஃபீல்ட். பக்கத்தில் ஓர் எண் இருக்கும். பொதுவாக ஆண்டு இராது. 1938இல் வந்த இரண்டாம் மாதிரியில் உச்சியில் திருகாணி, நாடிப்பட்டி சுருள்கம்பி வைத்த துணி. விளிம்பின் அடியில் தயாரிப்பாளர் எழுத்தும் ஆண்டும்: 'ஜேஎஸ்எஸ்' என்றால் ஜோசப் சாங்கி. பின்விளிம்பில் மூன்று ஓட்டை இருந்தால் சூடு பட்டது என்று கதை கட்ட வேண்டாம்; தென்னாபிரிக்கத் தயாரிப்பில் தொழிற்சாலையிலேயே போட்டது. இன்னொரு பொறி: முதல் போர்க்காலத்து ஓட்டுக்கே பிறகு புது உள்பட்டை போட்டும் கொடுத்தார்கள். ஆகவே ஓட்டையும் பட்டையையும் தனித்தனியாக வாசிக்க வேணும்.

எங்கள் தொப்பியில் உள்பட்டை இல்லை, எழுத்தும் அரித்துப்போய்விட்டது. சாய்ந்த வெயிலில் பிடித்துப் பார்த்தபோது '1941' மட்டும் தெரிந்தது. உப்புத்தாள் போட்டிருந்தால் அதுவும் போயிருக்கும்.

1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டன. அந்தப் போரில் சீகிரியாவில் விமானத்தளம் இருந்தது. 1944இல் மவுண்ட்பேட்டனின் தலைமையகம் கண்டிக்கு வந்தது. கண்டியிலிருந்து திருகோணமலைக்குப் போகும் பாதை மாத்தளை, தம்புள்ளை வழியாகத்தான். அப்படியொரு தொப்பி இங்கே விழுந்து கிடப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் 1941 என்பது செய்த ஆண்டு மட்டுமே. எப்போது வந்தது, யார் போட்டார் என்று அது சொல்லாது. 1949இல் இலங்கை இராணுவம் தொடங்கிய பிறகும் பிரித்தானியச் சாமான்கள் பாவனையில் இருந்தன.

சேகரிப்பவர்கள் துருவைப் பழுது என்பார்கள். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. இந்தத் தொப்பியில் இரண்டு காலம் இருக்கிறது. ஒன்று தொழிற்சாலை அடித்தது. மற்றது அப்பாயி பயத்தில் புதைத்துப் புதைத்து ஏற்றியது. முதலாவதைப் படிக்கப் புத்தகங்கள் இருக்கின்றன. இரண்டாவதைச் சொல்ல அப்பாயி மட்டும்தான் இருக்கிறார், அவருக்கும் வயசு போகுது. தேய்த்து விற்றால் இரண்டும் ஒரே நாளில் அழிந்துவிடும்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று கிடந்தால் தேய்க்காதீங்க. மண்ணை மட்டும் மெதுவான தூரிகையால் தட்டுங்க. விளிம்பின் அடியையும் உச்சியையும் படம் எடுங்க. பிறகு வீட்டுப் பெரியவங்களிட்ட உட்கார்ந்து, எங்கே கிடைச்சது, ஏன் ஒளிச்சு வைச்சீங்க என்று கேட்டு எழுதுங்க. எங்கள் அப்பாயி பேசத் தொடங்க மூன்று நாள் ஆனது. கோழிக்கு இப்போது வேறு சட்டி.