மார்கழியிலேயே தொடங்கட்டும் தீத்தடுப்பு

மாசி பிறந்தால் மேற்குத் தொடர்ச்சி மலையின் இலையுதிர் காடுகளில் தீக்காலம் தொடங்கிவிடும். செயற்கைக்கோள் தரும் எச்சரிக்கை கைப்பேசிக்கு வரும். வனக்காவலர்களும், அந்தப் பருவத்துக்கென்று கூலிக்கு அமர்த்தப்பட்ட தீத்தடுப்புக் காவலர்களும் மலையேறுவார்கள். பச்சைத் தழையை ஒடித்து நெருப்பை அடித்து அணைப்பார்கள். கோடை மழை இறங்கியதும் கோப்பு மூடப்படும். அடுத்த மாசியில் மீண்டும் திறக்கப்படும். இந்த நடைமுறை காட்டையும் காக்கவில்லை, காட்டைக் காப்பவர்களையும் காக்கவில்லை. காட்டுத்தீயைக் கோடைகால அவசரமாகக் கருதும் போக்கைக் கைவிட்டு, ஆண்டு முழுவதும் நடக்க வேண்டிய காட்டுப் பராமரிப்பின் அங்கமாகத் தீத்தடுப்பை மாற்ற வேண்டும். அதற்கான ஆய்வு, சட்டம், அனுபவ அறிவு மூன்றும் நம்மிடம் இருக்கின்றன. அவற்றை ஒன்றுசேர்க்கும் கொள்கைதான் இன்னும் இல்லை.

உயிரிழப்புகளிலிருந்தே தொடங்குவோம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில், காய்ந்த புல் மண்டிய சரிவில் மலையேற்றக் குழுவினர் தீயில் சிக்கினர். 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2020 பிப்ரவரியில் கேரளத்தின் திருச்சூர் மாவட்டம் தேசமங்கலம் அருகே தீயணைக்கப் போன வனக்காவலர்கள் மூவர் பலியாயினர். 2024 ஜூனில் உத்தராகண்டின் பின்சர் சரணாலயத்தில் இதே பணிக்குச் சென்ற நால்வர் அந்த இடத்திலேயே கருகி மாண்டனர். குரங்கணிக்குப் பிறகு தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கு ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. தீக்காலத்தில் மலையேற்றம் நிறுத்திவைக்கப்படுகிறது. இது சரியான நடவடிக்கை. ஆனால் தீயிலிருந்து விலகி நிற்க வேண்டியவர்களுக்குப் பிறந்த பாதுகாப்பு, தீயை நேருக்கு நேர் சந்திப்பவர்களுக்கும் பிறந்தாக வேண்டும். சரிவில் எரியும் தீ சமதளத்தில் எரிவதைவிட வேகமாக மேல்நோக்கி ஓடும். காற்று திசை மாறினால் அணைக்க நின்றவரே நடுவில் அகப்படுவார். எங்கே நிற்கக் கூடாது, எப்போது பின்வாங்க வேண்டும் என்ற பயிற்சி தராமல் ஒரு தொழிலாளியை மலைக்கு அனுப்புவது குற்றம்.

இனி காட்டின் கதை. முதுமலையில் 50 ஹெக்டேர் நிலத்தை 1988இல் அளந்து குறித்து, அதிலுள்ள ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடித்த ஒவ்வொரு மரத்தையும் செடியையும் இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமார் குழுவினர் தொடர்ந்து கணக்கெடுத்து வருகின்றனர். தீ வரும் ஆண்டுகளில் பெரும்பாலும் மடிபவை சிறுத்த தண்டுகளே. முதிர்ந்த மரங்கள் பட்டை கருகினாலும் பிழைத்துக்கொள்கின்றன என்பதை அந்தப் பதிவுகள் காட்டுகின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் காடு நலமாகவே தெரியும். அடுத்த தலைமுறைக் கன்றுகள் காணாமல் போவது சாலையில் போகிறவர் கண்ணுக்குப் படாது. முதுமலையில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு ஒப்பிட்டால், அதன் இறுதியில் தீ ஏறக்குறைய மும்மடங்கு அடிக்கடி வந்திருக்கிறது என்று 2004இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. ஒரு தீக்கும் அடுத்த தீக்கும் இடையே கன்று வளர்ந்து தடிக்கப் போதிய ஆண்டுகள் கிடைக்காவிட்டால் மீளுருவாக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அப்படியானால் தீயை முற்றாக ஒழிப்பதுதான் தீர்வா? நூற்றைம்பது ஆண்டுகளாக அரசுகள் அப்படித்தான் நம்பின. 1882ஆம் ஆண்டின் மதராஸ் வனச் சட்டம் காப்புக்காட்டில் தீ வைப்பதைக் குற்றமாக்கியது. ஆனால் அன்றைய பிரிட்டிஷ் ஆட்சியின் வன அதிகாரிகளுக்கே விரைவில் ஐயம் வந்தது. பர்மாவில் தீயை அளவுக்கு மீறித் தடுக்கிறோம், அதனால் தேக்குக் கன்றுகள் முளைப்பதில்லை என்று ஹெர்பர்ட் ஸ்லேட் என்ற அதிகாரி 1896இல் ‘இந்தியன் ஃபாரஸ்டர்’ இதழில் எழுதினார். அமெரிக்க வனத்துறை 1935இல் ஒரு விதி வகுத்தது: எந்தத் தீயையும் மறுநாள் காலை 10 மணிக்குள் அடக்கிவிட வேண்டும். எரியாமல் சேர்ந்த சருகும் புதரும் பின்னர் பெருந்தீக்கு இரையாவதைக் கண்டு, 1970களின் இறுதியில் அவர்களே அதைக் கைவிட்டனர். தடுக்கப்பட்ட ஒவ்வொரு சிறு தீயும் அடுத்த பெருந்தீக்கு விறகு சேர்க்கிறது என்பது அவர்கள் பட்டறிந்த பாடம்.

நம் பக்கத்திலேயே இந்த அறிவு இருந்தது. கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையில் வாழும் சோலிகர்கள், கோடை முற்றுவதற்கு முன்பே சருகை மட்டும் எரிக்கும் சிறு தீயை ‘தரகு பெங்கி’ என்பார்கள். ஈரம் முழுதும் வற்றாத நாளில் வைக்கும் அந்தத் தீ தாழ எரிந்து தணிந்துவிடும். 1970களில் அந்த மலை சரணாலயமானதும் அந்த வழக்கம் நிறுத்தப்பட்டது. அதன் பிறகே உண்ணிச்செடி பெருகியது, நெல்லி மரங்களில் புல்லுருவி ஏறியது என்று சோலிகர்கள் சொல்கிறார்கள். அங்கே 1997க்கும் 2008க்கும் இடையில் உண்ணிச்செடி பரவிய பரப்பு ஏறத்தாழ இரு மடங்கானதை ஆய்வாளர்கள் அளந்து பதிந்திருக்கிறார்கள். அழகுக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவரப்பட்ட அந்தச் செடி, இன்று இந்தியாவின் புலி வாழும் காடுகளில் 40 விழுக்காட்டுக்கும் மேல் படர்ந்திருப்பதாக 2020இல் வந்த ஆய்வு மதிப்பிட்டது. உண்ணி மண்டிய இடத்தில் புல் முளைப்பதில்லை. மானுக்கும் காட்டெருதுக்கும் மேய்ச்சல் இல்லை. மரக்கன்றுக்கு வெயில் இல்லை. கோடையில் அது காய்ந்து நிற்கும்போது தரையில் எரியும் தீ அதைப் பற்றிக்கொண்டு மரக்கிளை வரை ஏறுகிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். தீ ஏற்கெனவே அடிக்கடி வருகிறது என்று முதுமலை ஆய்வு சொல்லும்போது, தீ வைக்கலாம் என்று வாதிடுவது ஆபத்தில்லையா? கண்ணை மூடிக்கொண்டு வைத்தால் ஆபத்துதான். தீ பட்ட இடத்திலும் உண்ணி தழைக்கக்கூடும் என்று எச்சரிக்கும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். உண்ணி அடர்ந்த காட்டில் இன்று பழைய முறைப்படி தீ வைத்தால் மரங்களே கருகும். சோலைக்காட்டிலும் பசுமைமாறாக் காட்டிலும் எந்தத் தீயும் கூடாது. ஆகவே நாம் கேட்பது எங்கும் தீ வைக்கும் உரிமையை அல்ல. காட்டின் வகைக்கேற்ற தனித்தனித் திட்டம் வேண்டும் என்கிறோம். வறண்ட இலையுதிர் காட்டில் முதலில் உண்ணியை அகற்ற வேண்டும். பிறகு தேர்ந்தெடுத்த சிறு பகுதிகளில் முன்பருவச் சிறுதீயைச் சோதிக்க வேண்டும். எரித்த நிலத்தையும் எரிக்காத நிலத்தையும் பல ஆண்டுகள் ஒப்பிட்டு, முடிவைப் பொதுவில் வைக்க வேண்டும். பார்த்துத் தெரிந்துகொள்ளாமல் தடையை நீட்டிப்பதும் பொறுப்பின்மைதான்.

களையகற்றலிலும் கணக்குக்காக வேலை செய்யும் பழக்கம் ஒழிய வேண்டும். அயல் தாவரங்களுக்கென்று தமிழ்நாடு 2022இல் தனிக் கொள்கையே வகுத்தது. சீமைக்கொன்னையை வெட்டி அரசு காகித ஆலைக்கு அனுப்பும் பணியும் நடக்கிறது. இது பாராட்டுக்குரியது. ஆனால் இந்தச் செடிகள் வெட்டிய அடியிலிருந்தே மீண்டும் துளிர்க்கும். வேர்க்கழுத்துக்குக் கீழே வெட்டிப் புரட்டி, அடுத்தடுத்த மழைக்காலங்களில் முளைக்கும் கன்றுகளைத் திரும்பத் திரும்பப் பிடுங்கி, அந்த இடத்தில் உள்ளூர்ப் புல்லை நிலைக்கச் செய்தால்தான் காடு திரும்பும். எத்தனை ஹெக்டேர் வெட்டினோம் என்ற எண் வெற்றியின் அளவாகாது. ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு அங்கே என்ன முளைத்திருக்கிறது என்பதே அளவு.

தீயைப் பற்றிய எண்களுக்கும் இது பொருந்தும். டேராடூனிலுள்ள இந்திய வன அளவை நிறுவனம் 2004 முதல் செயற்கைக்கோள் எச்சரிக்கைகளை அனுப்பி வருகிறது. அவை செயற்கைக்கோள் கண்ட வெப்பப் புள்ளிகள். எரிந்த பரப்பின் கணக்கு அல்ல. எந்த வகைக் காடு எவ்வளவு எரிந்தது, எப்படித் தீப்பற்றியது, அதே இடம் முன்பு எப்போது எரிந்தது ஆகிய விவரங்கள் ஒவ்வொரு வனக்கோட்டத்துக்கும் வரைபடத்தோடு ஆண்டுதோறும் வெளியாக வேண்டும். மனிதரால்தான் பெரும்பாலான தீ மூள்கிறது என்று எல்லா அறிக்கைகளும் சொல்கின்றன. எந்த மனிதரால், எதற்காக என்று கேட்காதவரை அந்த வாக்கியம் பழியைக் காட்டுக்குள் வாழ்பவர் மீது போடவே உதவும்.

காட்டுக்குள் வாழ்பவர்களே இந்த வேலைக்குத் தகுந்தவர்கள். சமூக வன வளத்தைக் காக்கவும் மீளுருவாக்கவும் நிர்வகிக்கவும் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அவர்களுக்கு உரிமை தருகிறது. புலிகள் காப்பகத்துக்குள்ளேயே சோலிகர்களின் கிராமசபைகள் 2011இல் அந்த உரிமையைப் பெற்றன. முதுமலையின் இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஊர்களுக்கும் அது முழுமையாகக் கிடைக்க வேண்டும். உண்ணித் தண்டில் யானை உருவங்கள் செய்து ஊதியம் ஈட்டும் கைகள் கூடலூர்ப் பகுதியில் ஏற்கெனவே இருக்கின்றன. அந்தக் கைகளுக்கு ஐப்பசியில் களையகற்றும் வேலை, மார்கழியிலும் தையிலும் தீத்தடுப்புக் கோடு வெட்டும் வேலை, மாசி முதல் தீக்காவல் என்று ஆண்டு முழுவதுக்குமான ஊதியப் பணி தர முடியும். பருவக்கூலி நிரந்தர வேலையானால் அனுபவம் சேரும். அனுபவம் சேர்ந்தால் உயிர் காக்கப்படும். தீத்தாங்கும் உடையும் காலணியும், வாக்கி-டாக்கியும், முறையான பயிற்சியும், குடும்பத்தைக் காக்கும் காப்பீடும் இந்தப் பணியின் நிபந்தனைகளாக அரசாணையில் இடம்பெற வேண்டும்.

இவற்றுக்குப் பணம் எங்கே என்று நிதித்துறை கேட்கலாம். பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்துவோம் என்று அறிவித்துக் கோடிக்கணக்கில் மரக்கன்று நடும் மாநிலம் இது. இருக்கும் காட்டில் தானே முளைக்கும் கன்றைக் காப்பதற்குத் தண்ணீர் வண்டியும் வேண்டாம், நாற்றங்காலும் வேண்டாம். தீயையும் களையையும் கட்டுக்குள் வைத்தால் போதும். நடவுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கை இதற்குத் திருப்புவதே சிக்கனமான முதலீடு.

அடுத்த தீக்காலத்துக்கு இன்னும் அவகாசம் இருக்கும்போதே அரசு முடிவெடுக்க வேண்டும். முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் இரண்டு முன்னோடித் திட்டங்களை அறிவியலாளர்கள், வனத்துறை, கிராமசபைகள் மூவரும் சேர்ந்து இந்த ஆண்டே தொடங்கலாம். தீயணைப்பில் இறந்தவருக்கு இழப்பீடு அறிவிப்பது ஓர் அரசின் கடைசிக் கடமை. அவர் இறக்காதபடி காட்டைப் பராமரிப்பதே முதல் கடமை.