கண்ணாடிக் கோளத்துள் வானவில்

1817 டிசம்பரில், லண்டனில் ஓவியர் ஹேடன் அளித்த விருந்தொன்றில் சார்லஸ் லாம்பும் கீட்ஸும் ஒரு குற்றச்சாட்டில் ஒன்றுபட்டனர்: வானவில்லை முப்பட்டகத்தின் நிறங்களாகச் சுருக்கி, அதன் கவித்துவத்தை நியூட்டன் அழித்துவிட்டார் என்பது. இலக்கியம் பயில்வோரும் பயிற்றுவிப்போருமாகிய நாம் இன்றளவும் அதைச் சற்றுப் பெருமிதத்தோடே வழிமொழிந்து வருகிறோம். அது சரிதானா?

நியூட்டனுக்கு மூன்று நூற்றாண்டுகளுக்கும் முன்பே, பாரசீகத்தில் கமாலுத்தீன் அல்-ஃபாரிசியும் ஜெர்மனியில் தியோடரிக் என்னும் துறவியும், ஒருவரையொருவர் அறியாமலேயே, நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளத்தை மழைத்துளியின் பேருருவாகக் கொண்டு ஆராய்ந்தனர். ஒளி உள்நுழைகையில் விலகுகிறது, பின்சுவரில் எதிரொளிக்கிறது, வெளியேறுகையில் மீண்டும் விலகுகிறது. உள்ளே இருமுறை எதிரொளித்து வந்தால் தோன்றுவது, நிறவரிசை தலைகீழான இரண்டாம் வில். 1637இல் தெக்கார்த், முதல் வில்லின் கோணம் ஏறத்தாழ 42 பாகை எனக் கணக்கிட்டுக் காட்டினார்.

இவற்றால் அழகு எங்கே குறைந்தது? ஒரு துளியைக் கோளமாக விரித்துக் காண்பதும் கற்பனையின் தொழிலன்றோ? மேலும், அக்கோணம் காண்பவரின் கண்ணைச் சார்ந்தது. ஆகவே, அருகருகே நிற்கும் இருவர் காண்பது ஒரே வில்லன்று. வெவ்வேறு துளிகள் அனுப்பும் இருவேறு வில்கள். அவரவர்க்கு அவரவர் வானவில்! இதை நமக்குச் சொன்னது கவிதையன்று, கண்ணாடிக்குள் பொறுமையாக நோக்கிய கண்கள்.

அன்றைய விருந்தினர், இறுதியில் நியூட்டனின் நலம் வாழ்த்தியே மதுக்கோப்பையை உயர்த்தினர். நாமோ வசையை மட்டும் மனனம் செய்துகொண்டோம். அறியாமையை அழகுணர்ச்சி என்று மாணவர்க்குக் கற்பிப்பதை இனியேனும் நிறுத்துவோம்.