நொதி எதுவென்று தெரியாமல் மருந்தா?

2010-இல் ‘லான்செட்’ குழும இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, குடல் பாக்டீரியாக்களில் என்டிஎம்-1 என்ற நொதி பரவியிருப்பதைக் காட்டியது. சோதிக்கப்பட்டவற்றில் சென்னை மாதிரிகளும் உண்டு. கடைசிப் புகலிடமாக வைத்திருக்கும் கார்பபெனெம் மருந்துகளையே சிதைக்கும் நொதி அது. அதன் முழுப்பெயரில் டெல்லி இருப்பதைப் பற்றி நாம் போட்ட சண்டையில், அதை எப்படிக் கண்டறிவது என்ற கேள்வி பின்னுக்குப் போய்விட்டது.

எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்று சொல்லும் வழக்கமான சோதனையே போதாதா? போதாது; எந்த நொதி என்று அது சொல்லாது, மருந்துத் தேர்வோ நொதியைப் பொறுத்தது. கார்பபெனெம்களைச் சிதைக்கும் மற்றொரு நொதியான கேபிசியை அடக்கும் செஃப்டாசிடிம்-அவிபாக்டம் மருந்து, என்டிஎம்மிடம் தோற்றுவிடும். அங்கே அஸ்ட்ரியோனாம் மருந்தும் சேர வேண்டும். நொதியைக் கண்டறியும் மரபணுக் கருவிகளுக்குச் செலவு அதிகம் என்பது உண்மைதான். ஆனால், கார்பபெனெம் வகை மருந்தான மெரோபெனெம் வில்லையைக் கிருமியோடு நான்கு மணி நேரம் ஊறவைத்து, அம்மருந்துக்கு மடியக்கூடிய ஈ.கோலை பரப்பிய தட்டில் வைத்தால் மறுநாளே விடை தெரியும்: நொதி மருந்தைச் சிதைத்திருந்தால் ஈ.கோலை வில்லையை ஒட்டியே வளரும். துத்தநாகத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ சேர்த்தும் சோதித்தால், அது என்டிஎம் போன்ற துத்தநாகம் சார்ந்த நொதியா என்பதும் புலப்படும். உயிருக்குப் போராடும் நோயாளி மறுநாள்வரை காத்திருக்கத் தேவையில்லை; சிகிச்சையை உடனே தொடங்கி, முடிவு வந்ததும் திருத்தலாம். கிருமி வளர்ப்புச் சோதனை செய்யும் ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரி ஆய்வகத்திலும் இந்த வில்லைச் சோதனையைக் கட்டாயமாக்க வேண்டும்.