கிறிஸ்துமஸ் காலையில் அடுப்படியில் நிற்பவர் யார்?



நம் வாழவந்தி மலைக் கிராமங்களில் மார்கழிப் பனி இறங்கிவிட்டது. காப்பிச் செடிகளில் பழம் சிவந்து, பறிப்பு மும்முரமாய் நடக்கும் நாட்கள் இவை. கிறிஸ்துமஸ் அன்று விடியுமுன்னே, கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஆராதனைக்கு நடந்து வருவோம். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது நம் மனம் எங்கே போகிறது என்பதைக் கர்த்தர் அறிவார். சுடச்சுட இட்லி, அதன்மேல் கறிக்குழம்பு! குமரி மாவட்டத்தில் பல வீடுகளில் ஆப்பமும் முந்திரிக்கொத்தும் இருக்கும். யாழ்ப்பாணத்தார் பாற்சோறு பொங்குவர். உணவு மாறினாலும், பண்டிகைக் காலையின் முதற்பந்தி என்ற மகிழ்ச்சி எங்கும் ஒன்றுதான்.

அந்த மகிழ்ச்சிக்கு நான் எதிரியல்லன். ஆயினும் பல ஆண்டுகளாக என் மனத்தை உறுத்தும் ஒரு காரியத்தை இந்த வாரம் எழுதத் துணிகிறேன்.

என் தாயார் கிறிஸ்துமஸ் பிரசங்கத்தை முழுவதுமாகக் கேட்டதில்லை. இரவு இரண்டு மணிக்கு எழுந்து விறகடுப்பை மூட்டுவார்கள். எங்களைக் குளிப்பாட்டிப் புத்தாடை உடுத்தி அப்பாவுடன் அனுப்பிவிட்டு, குழம்பை இறக்கி வைத்த பிறகே ஆலயத்துக்கு ஓடி வருவார்கள். அதற்குள் பெரும்பாலும் காணிக்கைப் பாட்டு தொடங்கியிருக்கும். நான் குருத்துவக் கல்வி முடித்துப் போதகரான பிறகு, "அம்மா, இந்த வருடமாவது முதலிலேயே வந்து உட்காருங்கள்" என்று வேண்டினேன். "பிரசங்கத்தை நீ பார்த்துக்கொள்ளப்பா, குழம்பை யார் பார்ப்பது?" என்று சிரித்துவிட்டார்கள். அன்று நானும் சிரித்தேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பு எனக்கும் உண்டு என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

பிறகு பிரசங்க பீடத்தில் நின்று பார்த்தபோது, ஒவ்வொரு கிறிஸ்துமஸிலும் அதே காட்சியைக் கண்டேன். ஆண்களின் பக்கம் நிறைந்திருக்கும். பெண்களின் பக்கத்திலோ ஆசீர்வாதம் கூறும் வேளையில்தான் பாதி இருக்கைகள் நிரம்பும். மேய்ப்பர்கள் தங்கள் மந்தையை விட்டுப் பாலகனைக் காணப் போனதைப் பற்றி நான் பிரசங்கித்துக்கொண்டிருப்பேன். நம் தாய்மாரோ தங்கள் அடுப்பை விட்டு வர முடியாமல் நின்றிருப்பார்கள்.

இதைக் கேட்டதும் சிலர், "அப்படியானால் பலகாரத்தையும் குழம்பையும் விட்டுவிடலாம், கடையில் ஒரு கேக் வாங்கினால் போதும்" என்கிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. நம் விசுவாசம் உணவை அற்பமாக எண்ணும் விசுவாசமன்று. பெத்லகேம் என்பதற்கு அப்பத்தின் வீடு என்று பொருள். பாலகன் கிடத்தப்பட்ட முன்னணையைத் தொட்டில் என்று நம் வாலிபர் பலர் எண்ணுகிறார்கள். அது மாடு தீவனம் தின்னும் தொட்டி. உலகத்துக்கு ஜீவ அப்பமாய் வந்தவர், உணவு வைக்கும் இடத்திலேயே முதலில் கிடத்தப்பட்டார். ஆகவே அந்தக் காலைப் பந்தி ஆராதனையின் தொடர்ச்சிதான். அதைச் சமைத்தவர் ஆராதனைக்கு வெளியே நின்றதே என் வருத்தம்.

வேறு சிலர், "இது பரம்பரை வழக்கம், மாற்றக் கூடாது" என்கிறார்கள். நம் பண்டிகைத் தட்டைச் சற்று உற்றுப் பாருங்கள். கல்கல் கோவாவின் கிறிஸ்தவ வீடுகளிலும் நெடுங்காலமாய்ச் செய்யப்படும் பலகாரம். கேக்கில் தூவும் முந்திரி, பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியரால் 16ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்தது. இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக்கை 1883இல் தலச்சேரியில் மாம்பள்ளி பாபு என்பவர், தோட்ட முதலாளியான மர்டாக் பிரவுன் என்ற ஆங்கிலேயருக்காகச் செய்தார் என்று சொல்லப்படுகிறது. நாம் பருகும் காப்பியும் 1820களில் சேலம் கலெக்டராயிருந்த எம்.டி. காக்பர்ன் காலத்தில்தான் இந்தச் சேர்வராயன் மலையில் வேரூன்றியது. அதற்கு முன் இம்மலையின் பழங்குடி மக்கள் உண்டது சாமையும் கேழ்வரகும். முறுக்கும் அதிரசமும் தீபாவளித் தட்டிலும் இருப்பவையே. தட்டில் இருப்பவை இத்தனை முறை மாறியிருக்க, சமைப்பவர் மட்டும் ஏன் மாறக் கூடாது?

வேதத்தில் ஒரு காலை உணவு உண்டு. யோவான் 21ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். இராமுழுதும் உழைத்துக் களைத்த சீஷர்கள் விடியற்காலையில் கரையேறுகிறார்கள். அங்கே கரிநெருப்பு மூட்டப்பட்டிருக்கிறது, அதன்மேல் மீனும், கூடவே அப்பமும் இருக்கின்றன. மரணத்தை ஜெயித்து எழுந்த ஆண்டவர், அவர்களைச் சாப்பிட அழைத்து, தம் கையாலேயே பரிமாறுகிறார். உயிர்த்தெழுந்தவருக்கு அடுப்பு மூட்டுவது இழிவாய்த் தோன்றவில்லை. அவருடைய சீஷர் என்று சொல்லிக்கொள்ளும் நமக்கு, வீட்டு ஆண்களுக்கு, அது ஏன் இழிவாய்த் தோன்ற வேண்டும்?

மார்த்தாளைக் கடிந்து பிரசங்கிப்பது எளிது. நானும் பிரசங்கித்திருக்கிறேன். ஆனால் அவளுடைய முறையீட்டை மறுபடி வாசியுங்கள். தான் தனியே வேலை செய்ய விடப்பட்டதே அவளுடைய துயரம். அந்தத் தனிமையை நீக்காமல், "மரியாளைப் போல் உட்கார்" என்று சொல்வதில் நியாயமில்லை.

இன்னொரு வசனப் பகுதியும் என்னை விடுவதில்லை. நெகேமியா 8ஆம் அதிகாரத்தில், பண்டிகை நாளில் கொழுமையானதைப் புசித்து மதுரமானதைக் குடிக்கச் சொன்ன அதே மூச்சில், ஒன்றும் ஆயத்தம் செய்ய இயலாதவர்களுக்குப் பங்கை அனுப்பவும் சொல்லப்படுகிறது. தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து நூலாக்கிய மிஷனரி பீட்டர் பெர்சிவல் 1882இல் இதே ஏற்காட்டில்தான் மரித்தார். பழமொழிகள்மேல் எனக்கும் மதிப்புண்டு. ஆனால் "தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும்" என்ற பழமொழியை மட்டும் கிறிஸ்துமஸ் காலையில் ஒதுக்கிவையுங்கள் என்பேன். மிஞ்சியதைக் கொடுக்க நெகேமியாவின் புத்தகம் சொல்லவில்லை, பங்கைக் கொடுக்கச் சொல்லுகிறது. தினக்கூலிக்குப் பழம் பறிக்கும் குடும்பத்துக்குப் பண்டிகை விடுப்பு என்றால் ஒரு நாள் கூலி போயிற்று என்று பொருள். அந்த வீட்டுக்கு நம் குழம்பு மாலையில் ஆறிப்போய்ச் சேர்வதா, காலையில் சூடாய்ச் சேர்வதா? தாமதமாய் வந்த ஏழைகள் பசியாயிருக்க, முந்தி வந்தவர்கள் உண்டு தீர்த்த கொரிந்து சபையைப் பவுல் எவ்வளவு கடுமையாய்க் கண்டித்தார் என்பதை நாம் அறிவோம்.

ஆகவே இந்த ஆண்டுக்கு மூன்று சிறிய ஆலோசனைகளை முன்வைக்கிறேன். முதலாவது, கறிக்குழம்பை முந்தின இரவே தகப்பனும் பிள்ளைகளும் சேர்ந்து சமைக்கட்டும்.  சூடுபண்ணி உண்ணும்போது ருசி கூடவே செய்யும். இட்லியை ஆராதனை முடிந்து வந்து ஊற்றலாம், அரைமணி நேரம் பொறுத்தால் ஒருவரும் மெலிந்துவிட மாட்டோம். இரண்டாவது, கல்கலைச் சீப்பில் உருட்டும் வேலை ஒரு வாரம் முன்னதாக எல்லாக் கைகளாலும் நடக்கட்டும். கடையில் வாங்கினால் வேலை மிச்சம்தான். ஆனால் பிள்ளைகள் பக்கத்து வீட்டுக்குத் தங்கள் கையால் செய்ததை எடுத்துச் செல்லும் பெருமையும் போய்விடும். மூன்றாவது, அண்டை வீட்டுக்குரிய பங்கை நாம் உண்ணும் முன்னே அனுப்பிவிட்டு, சமைத்தவர்களும் அமர்ந்த பிறகு ஸ்தோத்திர ஜெபம் செய்வோம்.

என் தாயார் இன்று கர்த்தரிடத்தில் இருக்கிறார்கள். அவர்கள் செய்த குழம்பின் ருசி என் நாவில் இன்னும் இருக்கிறது. அவர்கள் கேட்காமல் போன பிரசங்கங்கள் என் மனச்சாட்சியில் இருக்கின்றன. சென்ற ஆண்டு முந்தின இரவில் நானும் என் மகனும் வெங்காயம் உரித்தோம். காலையில் என் மனைவி இரண்டாம் வரிசையில், முதல் பாட்டுக்கே நின்றிருந்தாள். குழம்பில் உப்புச் சற்று தூக்கல்தான். ஒருவரும் குறை சொல்லவில்லை.

கடற்கரையில் அடுப்பு மூட்டிய ஆண்டவரே, எங்கள் வீடுகளில் உமது தாழ்மையை எங்களுக்குத் தாரும். எங்கள் பந்தியில் ஒருவரும் நிற்காமலும், எங்கள் தெருவில் ஒருவரும் பசியாயிராமலும் இருக்கக் கிருபை செய்யும். ஆமென்.